17 பிட்சா, 19 பிட்சா? முழு த்ராட்டிலில் எத்தனை ஆர்பிஎம் வருதுன்னு முதலில் சொல்லுங்க

மார்ச் 2

கேள்வி வந்தது இப்படி: "17 அடி ஃபைபர் படகு, 90 குதிரைத்திறன் அவுட்போர்டு, 13.25 × 17 அலுமினிய புரொபெல்லர். ஜிபிஎஸ்ஸில் 51 கி.மீ. வேகத்துக்கு மேல் போக மாட்டேங்குது. பிட்ச் கூடினால் வேகம் கூடும், கணக்கு அவ்வளவுதானே? 19 வாங்கப் போறேன். மறுப்பு இருந்தால் காரணத்தோடு சொல்லுங்க."

மறுக்கிறேன். பிட்ச் என்பது ஒரு சுற்றுக்கு புரொபெல்லர் எவ்வளவு தூரம் முன்னால் போகணும் என்ற கணக்கு. மரத்தில் மரையாணி ஏறுவது மாதிரி, 17 என்றால் சுற்றுக்கு 17 அங்குலம் (அதற்கு முன்னால் உள்ள 13.25 என்பது விட்டம்). ஆனால் அதைச் சுற்றுவது எஞ்சின். சுற்றுக்கு அதிக தூரம் தள்ளச் சொன்னால் எஞ்சின் சுற்று குறையும். பிட்ச் ஒரு அங்குலம் கூடினால் முழு த்ராட்டிலில் (ஆக்ஸிலரேட்டரை முழுசாகத் திறந்தால்) ஏறக்குறைய 150 முதல் 200 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு அத்தனை சுற்று, இறங்கும். அதனால் உங்கள் வேகம் எனக்கு முக்கியமில்லை. முழு த்ராட்டில், வழக்கமாக ஏற்றும் ஆள், பாதி டேங்க் எரிபொருள், டிரிம் (எஞ்சினின் சாய்வு) சரியாக வைத்து, ஆர்பிஎம் எவ்வளவு? எஞ்சின் கையேட்டில் முழு த்ராட்டிலுக்கு எழுதியிருக்கும் வரம்பு என்ன? இந்த ரெண்டையும் சொல்லாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது.

மார்ச் 2, இரவு

பதில் வந்துவிட்டது. வரம்பு 5,000 முதல் 6,000. அவருக்கு வருவது 5,200, ரெண்டு பேரோடு.

அப்படியென்றால் 19 வேண்டவே வேண்டாம். 4,800, 4,900-க்கு இறங்கிவிடும். கீழ் வரம்புக்கும் கீழே. த்ராட்டில் முழுசாகத் திறந்திருக்கும், எஞ்சின் திணறிக்கொண்டே ஓடும். சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் ஏறும், கரி படியும், நாக்கிங் (எரிபொருள் தாறுமாறாக வெடிப்பது) வரலாம். காதுக்கு இது பெரிய சத்தமாகக் கேட்காது என்பதுதான் ஆபத்து. எஞ்சின் அமைதியாக ஓடுது என்றே நினைப்போம்.

என் படகும் கிட்டத்தட்ட இதே அளவு. அதே 90, அதே 13.25 × 17. எனக்கு 5,800 வருது. 17 இந்த எஞ்சினுக்குப் பொருத்தமான அளவு என்பதற்கு அதுவே சாட்சி. உங்களுடையதில் அடியில் பாசி இருக்கா பாருங்க.

மார்ச் 4

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டால் என்ன ஆகும் என்று இன்னொருவர் கேட்கிறார். அதன் இலை மெல்லிசு, ஆனால் வளையாது. அலுமினிய இலை முழுப் பாரத்தில் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், பிடிப்பு குறையும். அதனால் ஸ்டீலில் கொஞ்சம் வேகம் கூடலாம், திருப்பத்தில் பிடிப்பு நன்றாக இருக்கும். இலையின் ஓரத்தில் கப் வைத்திருந்தால், அதாவது பின்விளிம்பு படகுக்கு எதிர்ப்பக்கமாக, பின்னால் மடிந்திருந்தால், அது ஒரு அங்குலம் பிட்ச் கூடினதற்குச் சமமாக நடந்துகொள்ளும். 17-க்கு 17 என்று மாற்றிவிட்டு ஆர்பிஎம் ஏன் இறங்கியது என்று குழம்புகிறவர்கள் நிறைய.

பாறையும் மணல்திட்டும் உள்ள ஆழமில்லாத தண்ணீரில் நான் அலுமினியத்தைத்தான் போடுவேன். அடிபட்டால் இலை போகட்டும், கியர்பாக்ஸ் பிழைக்கட்டும்.

மார்ச் 5

ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "உங்கள் படகு 5,800-ல் எத்தனை கி.மீ. போகுது?" 47 என்றேன். "அவர் 5,200-ல் 51 போகிறார். அதே எஞ்சின், அதே புரொபெல்லர். 600 சுற்று அதிகமாக ஓட்டி 4 கி.மீ. குறைவாகப் போறீங்களா?"

இதை நான் யோசித்ததே இல்லை. கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன். ஆர்பிஎம்மை பிட்ச் அங்குலத்தால் பெருக்கணும். கியர் விகிதத்தை 656-ஆல் பெருக்கி, அதனால் வகுத்தால் மணிக்கு எத்தனை கி.மீ. என்று வரும். மைல் வேணும் என்றால் 656-க்குப் பதில் 1,056, நாட்டிக்கல் மைல் என்றால் 1,215. கேள்வி கேட்டவருக்கும் எனக்கும் கியர் விகிதம் 2.33, அதாவது எஞ்சின் 2.33 சுற்று சுற்றினால் புரொபெல்லர் ஒரு சுற்று.

அவருக்கு: 5,200 × 17, வகுத்தால் 57.8. ஓடுவது 51. கணக்கில் வருவதை விட ஓடுவது எவ்வளவு குறைவு என்பதுதான் ஸ்லிப், இங்கே 12 சதவீதம். இந்த மாதிரி படகுக்கு 10 முதல் 20-க்குள் இருப்பது சகஜம்.

எனக்கு: 5,800 × 17, வகுத்தால் 64.5. ஓடுவது 47. ஸ்லிப் 27 சதவீதம்!

என் படகு கனம், அடிப்பகுதி ஆழமான வி வடிவம், அதனால் இருக்கலாம்.

மார்ச் 5, ஒரு மணி நேரம் கழித்து

இல்லை. கனத்துக்கு 27 வராது. மேலே எழுதிய கடைசி வரியை விட்டுவிடுங்கள். எங்கேயோ ஏதோ தப்பு இருக்கு, தேடப் போகிறேன்.

மார்ச் 8

முதல் சந்தேகம் ஹப். புரொபெல்லரின் உள்ளே, தண்டோடு பொருந்தும் பித்தளைக் குழாய்க்கும் வெளி உடலுக்கும் நடுவில் ரப்பர் இருக்கும். இலை எதிலாவது இடித்தால் கியரைக் காப்பாற்றத்தான் அது. அந்த ரப்பர் பிடி விட்டால் உள்ளே சுற்றும், வெளியே சுற்றாது. ஆர்பிஎம் ஏறும், வேகம் ஏறாது. என் அறிகுறி அப்படியே.

சோதிக்கும் வழி எளிது. சாவியை எடுத்துவிட்டு, கியரை நியூட்ரலில் போட்டு, இலைக்கும் மேலே உள்ள தட்டுக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையை வைத்து நட்டைக் கழற்றினேன். புரொபெல்லரின் பின்பக்கத்தில் பித்தளையிலிருந்து ரப்பர் வழியாக வெளி உடல் வரைக்கும் நகப்பூச்சால் ஒரே நேர்கோடு போட்டேன். சிவப்பு, கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். மாட்டி, தண்ணீரில் நின்ற இடத்திலிருந்து நாலைந்து முறை முழு த்ராட்டில் கொடுத்துவிட்டு வந்து பார்த்தேன். கோடு உடையவில்லை. ஒரு மயிரிழை விலகல் இல்லை. ஹப் நல்லா இருக்கு.

ஆனால் கழற்றினதில் ஒரு பலன். த்ரஸ்ட் வாஷருக்குப் பின்னால் தூண்டில் நரம்பு மூணு நாலு சுற்று இறுகிக் கிடந்தது. உருகிப் பளபளவென்று ஒரு வளையமாகவே ஆகியிருந்தது. அது தண்டைச் சுற்றியுள்ள எண்ணெய் சீல் வளையத்தை அறுத்து உள்ளே போனால் கியர் எண்ணெயில் தண்ணீர் கலக்கும். எண்ணெயை வடித்துப் பார்த்தேன், பால் நிறம் இல்லை, தப்பித்தது. பிட்ச் கேள்வி இருக்கட்டும், இதை வாசிக்கிற எல்லாரும் இந்த வாரம் புரொபெல்லரைக் கழற்றி அந்த இடத்தைப் பாருங்க.

மார்ச் 9

"கேவிட்டேஷன் தகட்டுக்கு மேலே தண்ணீர் போகுதா?" என்று ஒரு நண்பர். அந்தத் தட்டுக்கு எல்லாரும் கேவிட்டேஷன் பெயர் சொன்னாலும் அது தடுப்பது வென்டிலேஷனை. மேலிருந்து காற்று இறங்கி இலையைச் சூழ்ந்தால் பிடிப்பு போய் எஞ்சின் கத்தும், அது வென்டிலேஷன். இலையின் முகத்தில் அழுத்தம் குறைந்து தண்ணீரே ஆவிக் குமிழாகி, அது உடையும்போது உலோகத்தை அரிப்பது கேவிட்டேஷன். என் இலைகளில் அரிப்பும் இல்லை, நேர் ஓட்டத்தில் கத்தலும் இல்லை. தட்டு படகின் அடி மட்டத்துக்குக் கீழே முக்கால் அங்குலம் இருக்கு. தாழ்வுதான், தூக்கணும், ஆனால் 27 சதவீதத்துக்கு அது காரணம் ஆகாது. தாழ்வாக இருந்தால் தண்ணீரின் எதிர்ப்பு கூடும், ஆர்பிஎம் ஏறாது.

மார்ச் 11

அடியைச் சுரண்டினேன். பாசி கொஞ்சம். போய் ஓட்டினேன். 5,800, 47. மாற்றமே இல்லை.

மார்ச் 12

மலை ஏரியில் படகு விடுகிற ஒருவர் அங்கே எந்த பிட்ச் என்று கேட்டார். சுருக்கமாக: 300 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 3 சதவீதம் சக்தி போகும். 1,500 மீட்டரில் 15 சதவீதம். அங்கே ஒன்று ரெண்டு அங்குலம் பிட்ச் இறக்கித்தான் ஓட்டணும். கீழே வந்ததும் பழையதை மாட்டணும், மறந்தால் ஆர்பிஎம் ஏறி லிமிட்டரில் (சுற்று எல்லை மீறாமல் தடுக்கும் அமைப்பு) போய் முட்டும்.

மார்ச் 14

கண்டுபிடித்தாச்சு. படகில் ஒன்றும் குறை இல்லை. ஆர்பிஎம் மீட்டர் பொய் சொல்லியிருக்கு.

நேற்று எஞ்சினைச் சும்மா ஓடவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். முள் 840-ல். இத்தனை நாள் அப்படித்தான் நிற்கும், நானும் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். கையேட்டில் ஐடில் 700 என்று இருக்கிறது. திடீரென்று பொறி தட்டியது: 840-ஐ 700-ஆல் வகுத்தால் சரியாக 1.2.

மீட்டரைக் கழற்றிப் பின்னால் பார்த்தேன். சின்ன ஸ்க்ரூடிரைவர் போகும் ஒரு பள்ளம், சுற்றி 4, 5, 6 என்று எண்கள். அம்புக்குறி 5-ல். எஞ்சினின் சார்ஜிங் காயில் பக்கம் 12 காந்தத் துருவம், அதாவது ஒரு சுற்றுக்கு 6 துடிப்பு. மீட்டரோ சுற்றுக்கு 5 என்று நினைத்து எண்ணிக்கொண்டிருந்தது. ஆறு துடிப்பை அஞ்சால் வகுத்தால் எல்லா ஆர்பிஎம்மும் 20 சதவீதம் கூடுதலாகத் தெரியும். எனக்கு முன்னால் படகை வைத்திருந்தவர் மீட்டரை மாற்றியிருக்கிறார், மாட்டும்போது இதைத் திருப்பவில்லை.

நான் 5,800 என்று நம்பியது 4,830.

ஃப்ளைவீலில் ஒளியைத் திருப்பியடிக்கும் ஒட்டுத்துண்டு ஒட்டி, கையில் பிடிக்கும் ஒளி மீட்டரால் சரிபார்த்தேன். ஐடில் 700. சந்தேகமே இல்லை. கணக்கைத் திரும்பப் போட்டால் 53.7 வரணும், 47 வருது, ஸ்லிப் 13-க்குள்.

மார்ச் 14, இரவு

ரெண்டு விஷயம் மனசை அறுக்குது, எழுதிவிடுகிறேன்.

ஒன்று, மார்ச் 2-ல் "17 இந்த எஞ்சினுக்குப் பொருத்தமான அளவு என்பதற்கு அதுவே சாட்சி" என்று எழுதினேன். அது முழுத் தப்பு. என் எஞ்சின் வரம்புக்குக் கீழேதான் ஓடியிருக்கு. அந்தச் சாட்சியை நம்பி யாராவது 17 வாங்கியிருந்தால் மன்னிக்கணும், உங்கள் ஆர்பிஎம்மை நீங்களே அளந்து பாருங்க.

ரெண்டு, இந்த எஞ்சினை ரெண்டு சீசன் முழுக்க இப்படித் திணற வைத்திருக்கிறேன். அஞ்சு பேர் ஏறினால் அணியம் (படகின் முன்பக்கம்) வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும், பிளேன் ஆக, அதாவது தண்ணீர் மேல் எழும்பி வழுக்கி ஓட, 10 விநாடி எடுக்கும். படகின் இயல்பே அப்படி என்று நினைத்துக்கொண்டேன். அது எஞ்சின் கேட்ட உதவி. நாளை கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்க்கிறேன்.

மார்ச் 15

கம்ப்ரஷன் எல்லா சிலிண்டரிலும் கிட்டத்தட்ட சமம். பிளக்குகளில் கரி இருந்தது, மாற்றினேன். மூச்சு வந்தது.

மார்ச் 18

கேள்வி கேட்டவர் நான் சொன்னதைக் கேட்காமல் யாரிடமோ 19 இரவல் வாங்கி ஓட்டியிருக்கிறார். நல்லது, சொல்வதை விட ஓட்டிப் பார்ப்பது மேல். அவர் தரும் எண்கள்: 4,800, 50 கி.மீ. பிட்ச் ரெண்டு அங்குலம் கூடியும் வேகம் ஒன்று குறைந்தது. பிளேன் ஆக நேரமும் கூடிவிட்டதாம். காரணம் இதுதான்: எஞ்சினின் 90 குதிரைத்திறன் மேல் ஆர்பிஎம்மில்தான் இருக்கு. 4,800-ல் அத்தனை குதிரையும் வண்டியில் பூட்டப்படவில்லை.

அவருடைய மீட்டரையும் பார்க்கச் சொன்னேன். ஐடில் 700, திருகு 6-ல். அவர் எண்கள் நிஜம்.

மார்ச் 22

எனக்கு 13.75 × 15 வந்தது. பிட்ச் இறங்கும்போது விட்டம் அரை அங்குலம் ஏறியிருப்பதைக் கவனியுங்க. அவுட்போர்டு புரொபெல்லர்களில் இது வழக்கம், பிட்ச் குறையக் குறைய விட்டம் கொஞ்சம் கூடும். நான் எதிர்பார்த்தது 5,200-க்குப் பக்கம். கிடைத்தது 5,250, ரெண்டு பேரோடு. வேகம் 46. ஒரு கி.மீ. போச்சு. அஞ்சு பேரோடு 5,050, பிளேன் ஆக 6 விநாடி.

அணியம் எழும்பி உடனே படிந்ததும் முன்னால் உட்கார்ந்திருந்த என் மகள் திரும்பிப் பார்த்து "என்னப்பா பண்ணினே?" என்றாள். ரெண்டு வருஷத்தில் முதல் முறையாக அந்த இடத்திலிருந்து அவளுக்குத் தண்ணீர் தெரிந்திருக்கு.

மார்ச் 23

தூங்கி எழுந்து யோசித்தால் 15-ம் போதுமா என்று இருக்கு. அஞ்சு பேரோடு 5,050 என்பது கீழ் விளிம்பு. வெயில் ஏறின, ஈரக்காற்று நாளில் இன்னும் இறங்கும். வழக்கமான பாரத்தில் ஆர்பிஎம் வரம்பின் மேல்பாதியில் நிற்கணும் என்பது நான் மற்றவர்களுக்குச் சொல்வது, எனக்கும் அதே சட்டம்தான். 13 வாங்கலாம். அதற்கு முன்னால் காசு செலவில்லாத ஒன்றைச் செய்யணும், எஞ்சினைப் படகில் மாட்டும் போல்ட் துளைகளில் ஒரு துளை மேலே தூக்குவது. மார்ச் 9-ல் எழுதிவிட்டு மறந்துவிட்டேன்.

நாலு இலை போடலாமே என்று ரெண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். நாலு இலை குறைந்த வேகத்திலும் பிளேனைப் பிடித்துவைக்கும், அதிர்வு குறைவு, பாரத்துக்கும் இழுவைக்கும் நல்லது. உச்ச வேகம் கொஞ்சம் போகும். அதே பிட்ச்சில் ஆர்பிஎம்மும் இறங்கும், அதனால் ஒரு அங்குலம் குறைத்து வாங்கணும். ஸ்கீ இழுக்கிற நண்பருக்கு அதுதான் என் யோசனை.

மார்ச் 29

எஞ்சின் முக்கால் அங்குலம் மேலே ஏறியாச்சு. இப்போது தட்டு அடி மட்டத்துக்குச் சமம். ரெண்டு பேரோடு 5,400, வேகம் 48. அஞ்சு பேரோடு 5,200. கூர்மையான திருப்பத்தில் ஒரு முறை காற்றுப் பிடித்துக் கத்தியது, டிரிம்மைக் கொஞ்சம் உள்ளே இழுத்தால் நின்றுவிடுது.

17-ல் வந்த 47-ஐ விட 15-ல் ஒன்று அதிகம். மேல்பாதிக்கு இன்னும் கொஞ்சம் குறைவுதான், ஆனாலும் 13 இப்போதைக்கு வேண்டாம்.

ஏப்ரல் 2

ஒருவர் தன் புரொபெல்லரில் எண் அழிந்துபோயிருக்கு, பிட்ச் எப்படித் தெரியும் என்று கேட்டார். நட்டைக் கழற்றி ஹப்பின் பக்கவாட்டில், இலைகளுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்க, பெயிண்டுக்கு அடியில் அச்சு இருக்கும். பழுதுபார்த்த இலை என்றால் அந்த எண்ணையும் நம்ப வேண்டாம், மூணு இலையும் ஒரே கோணத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. வேறு வேறு தயாரிப்பாளரின் 17-ம் ஒன்று போல நடக்காது. மாற்றினால் ஓட்டித்தான் பார்க்கணும்.

ஏப்ரல் 6

கேள்வி கேட்டவர் 17-ஐயே திரும்ப மாட்டிவிட்டார். அவர் எஞ்சினும் ஒரு துளை தாழ்வாகத்தான் இருந்ததாம். தூக்கினதும் 5,350, 53 கி.மீ. அவர் 19-ல் தேடின வேகம் நாலு போல்ட்டில் கிடைத்தது.

என் பழைய 17 இருக்கைக்கு அடியில் உதிரியாகப் போயிடுச்சு. கூடவே ஒரு நட்டு, வாஷர், காட்டர் பின், அந்த மரக்கட்டை. அதன் பித்தளையில் சிவப்புக் கோடு இன்னும் அப்படியே இருக்கு.